டச் வசதி உள்ள பென் டேப்லெட் போட்டோ வேலைக்குத் தேவையா?

களியக்காவிளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். கல்யாண ஆல்பம் வேலை முழுவதையும் மவுஸிலேயே செய்கிறார், மணிக்கட்டு வலிக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று வாக்கம் கம்பெனியின் பென் டேப்லெட், அதாவது மவுஸுக்குப் பதில் பேனாவால் வேலை செய்யும் பலகை, ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். அதில் டச்சும் உண்டு, விரலால் தொட்டாலும் வேலை செய்யும். கையை வைத்தாலே படம் தாவுகிறது, சுருங்குகிறது, சுழல்கிறது. இந்த டச் உண்மையிலேயே போட்டோ எடிட்டிங்குக்கு உதவுமா, இல்லை விளம்பரத்துக்காக ஒட்டிய வாலா, விற்றுவிட்டு டச் இல்லாத ஒன்றை வாங்கிவிடலாமா என்கிறார். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. வலது கைக்குப் பேனாவை எப்படிப் பழக்குவது என்பது ஒன்று. சும்மா கிடக்கும் இடது கைக்கு என்ன வேலை கொடுப்பது என்பது இன்னொன்று. டச் சம்பந்தப்படுவது இரண்டாவதில் மட்டும்தான். இரண்டையும் ஒரே நாளில் பழகப் பார்த்ததால்தான் உங்களுக்கு இந்த எரிச்சல்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் இருந்துகொண்டு 17 வருஷமாக மற்ற போட்டோகிராபர்களுக்கு ஆல்பம் எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். தென்காசி, கடையநல்லூர் பக்கத்து வேலை பாதி, மலை தாண்டிக் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கத்து வேலை மீதி. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பதால் இங்கே பலருக்குச் சொந்தபந்தம் இரண்டு பக்கமும் உண்டு, கல்யாண வேலையும் அந்த வழியாகவே வரும். வாக்கத்தில் 2009-ல் வந்த பாம்பூ பென் அண்ட் டச்தான் நான் முதலில் வாங்கியது. பிறகு இன்டுவோஸ் ப்ரோ நடுத்தர அளவு, இன்றும் அதுதான். இரண்டிலும் டச் உண்டு. மேக் கம்ப்யூட்டரிலோ, திரைமேலேயே வரைகிற டேப்லெட்டிலோ எனக்குப் பழக்கமில்லை. அதனால் நான் சொல்வதெல்லாம் விண்டோஸ், போட்டோஷாப், மேசைமேல் தட்டையாகக் கிடக்கும் பலகை ஆகியவற்றுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம் ஏன் தாவுகிறது என்பதைப் பார்ப்போம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பேனாவும் விரலும் ஒரே பரப்பில் வேலை செய்தாலும் இரண்டின் வழியும் வேறு. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் காந்தப்புலத்தை எழுப்புகின்றன. பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே சக்தி வாங்கிக்கொண்டு, தான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு அழுத்தம் என்பதைத் திருப்பிச் சொல்கிறது. வாக்கம் பேனாவில் பாட்டரி இல்லாதது அதனால்தான். விரலைப் பார்ப்பது தனி அடுக்கு, செல்போன் திரையில் இருக்கிற மாதிரிதான். பேனா முனை பலகைக்கு மேலே சுமார் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை டேப்லெட் விரல்களைக் கண்டுகொள்ளாது. அதற்கு மேலே போனதும் விரல் அடுக்கு விழித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு பருவை அழிக்கிறீர்கள், பேனாவைக் கொஞ்சம் தூக்கித் திரையைப் பார்க்கிறீர்கள், உள்ளங்கை பலகையிலேயே இருக்கிறது. அந்த நொடியில் உங்கள் சுண்டுவிரல் மேடும் மடங்கிய விரலும் அதற்கு இரண்டு விரல்கள். கை லேசாக நகர்ந்தால் ஜூம், திரும்பினால் சுழற்சி. மெஷினில் கோளாறு இல்லை, சொன்னதைத்தான் செய்கிறது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது, டச்சை அணைப்பது. இன்டுவோஸ் ப்ரோ வகையாக இருந்தால் பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருக்கும், தூசி படிந்து பலர் கண்ணில் படுவதேயில்லை. மற்ற மாடல்களில் வாக்கம் செட்டிங்கில் போய் அணைக்கலாம். பலகையின் பக்கவாட்டுப் பட்டன் ஒன்றுக்கு ‘டச் ஆன் ஆஃப்’ என்ற வேலையைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, பின்னால் தேவைப்படும். அணைத்துவிட்டு ஒரு மாசம் வெறும் பேனாவோடு இருங்கள். வழக்கமாக இதற்கு ஆடி மாசத்தைத்தான் சொல்வேன். நமக்கு ஆடி, அந்தப் பக்கம் கர்க்கடகம், இரண்டு பக்கமும் முகூர்த்தம் கிடையாது, அவசரப்படுத்த ஆளில்லை. ஆவணி பிறந்ததும் சிங்ஙம் என்று அவர்களும் வந்துவிடுவார்கள், அப்புறம் பழகுவதற்கு நேரம் ஏது?

பேனா பழகும்போது எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில். மவுஸை நகர்த்தி, தூக்கி வைத்து, மறுபடி நகர்த்திப் பழகிய கை, பேனாவையும் அப்படியே தூக்கித் தூக்கி வைக்கும். பேனாவுக்குப் பலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளி. வலது மேல் மூலையில் பேனாவை வைத்தால் அம்புக்குறியும் வலது மேல் மூலையில்தான். செட்டிங்கில் ‘மவுஸ் மோடு’ என்று ஒன்று இருக்கிறது, பழக்கமானதாயிற்றே என்று அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள், கை கடைசிவரை பேனாவாக மாறாது. கூடவே அளவுப் பொருத்தத்தையும் பாருங்கள். நடுத்தர இன்டுவோஸ் ப்ரோவின் வேலைப் பரப்பு 224-க்கு 148 மில்லிமீட்டர். நம் மானிட்டர்களோ 16-க்கு 9. அப்படியே விட்டால் பலகையில் வட்டம் போட்டால் திரையில் நீள்வட்டம் விழும். விகிதத்தைக் கட்டாயமாக்கும் ஒரு டிக் அங்கே இருக்கும், போட்டுவிடுங்கள். கீழே 22 மில்லிமீட்டர் பயன்படாமல் போகும், போகட்டும். கன்னத்தின் வளைவு கையில் போட்ட மாதிரியே திரையில் விழ வேண்டும், அதுதான் முக்கியம்.

பேனா எதற்கு என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். புனலூர் பக்கத்துக் கல்யாணம் என்றால் கசவுப் புடவை. வெள்ளையும் இல்லாத மஞ்சளும் இல்லாத அந்தத் துணிமேல் பொன் சரிகை, அதற்கு மேலே கழுத்திலிருந்து இடுப்புவரை நகை. மேடையில் வீடியோக்காரரின் லைட் நேராக அடிக்கும். துணி வெளிறிவிடும், மடிப்பெல்லாம் மறைந்து பெண் ஒரு வெள்ளைப் போர்வைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். வெளிச்சத்தை மொத்தமாகக் குறைத்தால் முகம் கறுத்துவிடும். இங்கே வேறு வழியில்லை, மடிப்பு மடிப்பாகக் கையால்தான் இருட்ட வேண்டும். ஐம்பது சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு லேயர், சாஃப்ட் லைட் மோடு, கறுப்பு மென்மையான பிரஷ், ஃப்ளோ, அதாவது பிரஷிலிருந்து நிறம் இறங்கும் வேகம், 2 அல்லது 3 சதவீதம். பேனாவின் அழுத்தத்தை ஃப்ளோவுக்கு மட்டும் கொடுங்கள், பிரஷ் அளவுக்குக் கொடுக்காதீர்கள். மடிப்பு தொடங்கும் இடத்தில் லேசாக வைத்து, உள்ளே போகப் போக அழுத்தி, முடியும் இடத்தில் கையை எடுத்துக்கொண்டே வெளியேற வேண்டும். கோலத்தில் இழையை முடிக்கும்போது விரலிடுக்கில் மாவு குறைந்துகொண்டே வருமே, அப்படி. மவுஸில் இது நடக்காது என்பதில்லை, நானே ஐந்து வருஷம் மவுஸில் செய்தவன். ஆனால் மவுஸுக்குத் தெரிந்தது அழுத்தியது, அழுத்தாதது இரண்டுதான். நடுவில் இருப்பதையெல்லாம் பத்து முறை கிளிக் செய்து, நான்கு முறை திரும்பி அழித்துச் சமாளிக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டு வலி அந்தப் பத்து கிளிக்கில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெந்து வெள்ளையாகிவிட்ட இடத்தில், அதாவது பைலில் விவரமே இல்லாத இடத்தில், எந்தப் பேனாவாலும் மடிப்பை வரவழைக்க முடியாது. அங்கே சாம்பல்தான் பூசிக்கொண்டிருப்பீர்கள். இருட்டுவதற்கு முன்னால் கேமராவிலிருந்து வந்த மூலப் பைலில், அதாவது ரா பைலில், வெளிச்சத்தை இறக்கிப் பாருங்கள்.

இனி டச். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசான் நெகட்டிவ் ரீடச்சிங் செய்தவர். பின்னாலிருந்து கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும் சாய்வு மேசை, அதில் நெகட்டிவ். உப்புத்தாளில் ஊசி மாதிரி சீவிய கடினப் பென்சில். முகத்தில் கறுப்பாக இருக்கும் பரு நெகட்டிவில் தெளிவான புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைச் சின்னச் சின்ன காற்புள்ளிகளாக நிரப்புவார், பிரிண்டில் பரு மறைந்துவிடும். நான் பார்த்துக்கொண்டே இருந்தது அவருடைய இடது கையைத்தான். வலது கை ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில் பென்சிலைத் தட்டிக்கொண்டிருக்கும். இடது கையின் இரண்டு விரல்கள் நெகட்டிவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ளிக்கொண்டும் திருப்பிக்கொண்டும் இருக்கும். வேலை பென்சிலுக்குக் கீழே வந்து நிற்கும், பென்சில் வேலையைத் தேடிப் போகாது. பல வருஷம் கழித்து டச் டேப்லெட்டைத் தொட்டபோதுதான் இது அந்த இடது கை என்று எனக்குப் புரிந்தது. விளம்பரத்தில் விரலாலேயே எடிட் செய்கிற மாதிரிக் காட்டுவார்கள். விரலால் எடிட் செய்ய ஒன்றுமில்லை. அழுத்தம் தெரியாது, முனை தடிமன். படத்தை நகர்த்தவும், கிட்டே கொண்டுவரவும், தள்ளி வைத்துப் பார்க்கவும்தான் விரல்.

அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும், என் அனுபவத்தைச் சொல்கிறேன். நகையை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க அதன் ஓரமாக மாஸ்க் போடும்போது டச் எனக்கு நிஜமாகவே நேரம் மிச்சம் பிடிக்கிறது. காசுமாலையின் ஒவ்வொரு காசையும் சுற்றிக்கொண்டு கழுத்திலிருந்து கீழே இறங்க வேண்டும். பேனாவை ஒரு விரல் அகலம் தூக்கி, இடது கை இரண்டு விரலால் படத்தை மேலே தள்ளி, பேனாவை இறக்கித் தொடர்வேன். அதேபோல முக வேலையில் அடிக்கடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். நூறு சதவீதத்தில் அரை மணி நேரம் இருந்தால் தோலைப் பிளாஸ்டிக் ஆக்கிவிடுவோம். இரண்டு விரலைச் சேர்த்தால் படம் சின்னதாகும், ஒரு மூச்சுவிட்டுப் பார்த்து மறுபடி உள்ளே போகலாம். ஆனால் டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது புடவை மடிப்புக்குச் சொன்ன மாதிரி இடம் பார்த்து வெளுக்கவும் இருட்டவும் செய்யும்போது எனக்கு டச் வேண்டாம், அணைத்துவிடுவேன். அப்போது இடது கை கீபோர்டில் ஆல்ட்டின் மேல் இருக்க வேண்டும். பேனாவின் பக்கப் பட்டனை ரைட் கிளிக்காக வைத்திருந்தால், ஆல்ட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பேனாவை இடம் வலமாக இழுக்க பிரஷ் அளவு மாறும், மேலும் கீழுமாக இழுக்க ஓரத்தின் மென்மை மாறும். இதைப் பழகிவிட்டால் ஸ்பேஸ்பாரை அழுத்திப் படத்தை நகர்த்துவதும் பெரிய தொல்லையாகத் தெரியாது. அதனால்தான் டச் இல்லாமலே அருமையாக வேலை செய்கிறவர்களும் நிறையப் பேர். கம்பெனியே 2018-ல் வந்த சாதாரண இன்டுவோஸில் டச்சை எடுத்துவிட்டது. 2025-ல் வந்த இன்டுவோஸ் ப்ரோவிலும் டச் இல்லை, சுழற்றுகிற டயல்தான் வைத்திருக்கிறார்கள்.

டச்சில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக அணைத்து வையுங்கள் என்பேன், இரண்டு விரலால் சுழற்றுவது. இதற்கு நான் பணம் கொடுத்துப் பாடம் படித்தவன். தென்மலைப் பக்கத்து ஆல்பம், நடுப்பக்கம் முழுக்க ஒரே படம், மேடை, நிலவிளக்கு, மாலை மாற்றுவது. உள்ளங்கை பட்டு காட்சி ஒரு இரண்டு டிகிரி திரும்பியிருந்திருக்கிறது. கிட்டே போய் வேலை செய்துகொண்டிருந்ததால் பக்கத்தின் ஓரம் திரையில் தெரியவில்லை. விளக்கு சாய்ந்திருக்கிறதே என்று படத்தைத் திருப்பி, விளக்கை நிமிர்த்திவிட்டேன். திரையில் நேராக நின்றது. பிரிண்டாகி வந்தபோது ஆளுயர நிலவிளக்கு பெண்ணின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கோபப்படக்கூட இல்லை, ஆல்பத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “விளக்கு சரிஞ்ஞு போயல்லோ மோனே” என்றார். அந்தத் தாளை என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து சுழற்சி வேண்டுமென்றால் நானே ஆர் கீயை அழுத்திப் பேனாவால் திருப்புவேன், முடிந்ததும் எஸ்கேப் தட்டி நேராக்கிவிடுவேன். தாடை ஓரம், புருவம் மாதிரி வளைவுகளுக்குச் சுழற்றுவது நல்ல பழக்கம்தான். மணிக்கட்டுக்கு இயல்பாக வருகிற வளைவு ஒரு பக்கம்தான். ஆனால் அது நம் உத்தரவில் நடக்க வேண்டும். போட்டோஷாப்பில் படத்தை விரலால் வீசினால் வழுக்கிக்கொண்டே போகும் ‘ஃபிளிக் பேனிங்’கும் அப்படித்தான், பிரிஃபரன்ஸில் போய் எடுத்துவிடுங்கள். இரண்டு விரலால் தட்டினால் ரைட் கிளிக் என்பதையும், மூன்று நான்கு விரல் வித்தைகளையும் அணைத்துவிடுங்கள். நகர்த்துவது, ஜூம், இரண்டு போதும்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு மட்டும் உரிய ஒரு விஷயமும் உண்டு. சாரல் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பலகைமேல் ஈரம் பூக்கும், உள்ளங்கையும் பிசுபிசுக்கும். விரல் அடுக்குக்கு ஈரமும் விரலாகத் தெரியலாம், தொடாமலே படம் நடுங்கும். பேனாவுக்கு அந்தப் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை, அதன் வழி வேறு. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அன்றைக்கு டச் இல்லாமல் வேலை செய்யுங்கள். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடுகிற கையுறை வைத்துக்கொண்டால் கை வழுக்கிக்கொண்டு போகும், வியர்வையும் படியாது. வெளியே வாங்க வேண்டியதில்லை, பழைய பருத்திக் கையுறையில் மூன்று விரலை வெட்டிவிட்டால் போதும். உள்ளங்கையை டச் கண்டுகொள்வதும் இதனால் குறையும், முழுக்க நிற்காது.

விண்டோஸில் இரண்டு தொல்லை கட்டாயம் வரும். பேனாவை வைத்ததும் ஒரு வளையம் சுற்றி, கோடு தாமதமாகத் தொடங்கினால் அது அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்ற விண்டோஸின் ஏற்பாடு. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் பகுதியில் அணைக்கலாம். இன்னொன்று, அழுத்தமே வேலை செய்யாமல் போவது. பிரஷ் செட்டிங்கில் பென் பிரஷர் பக்கத்தில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி தெரிந்தால், டேப்லெட் இருப்பதே போட்டோஷாப்புக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். வாக்கம் செட்டிங்கில் விண்டோஸ் இங்க், அதாவது பேனாவுக்கென்று விண்டோஸ் வைத்திருக்கும் ஏற்பாடு, டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை எடுத்துவிட்டு வேலை செய்ய விரும்பினால், போட்டோஷாப்பின் செட்டிங் ஃபோல்டரில் பிஎஸ் யூசர் கான்ஃபிக் என்ற டெக்ஸ்ட் பைலில், ‘யூஸ் சிஸ்டம் ஸ்டைலஸ்’ என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஒரு இடம் விட்டு 0 போட்டுச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து.

மணிக்கட்டைப் பற்றி நான் சொல்வது டாக்டர் வார்த்தை இல்லை. பேனாவுக்கு மாறிய மூன்றாவது மாதத்தில் எனக்கு மணிக்கட்டு வலி போனது, தோள் வலி வந்தது. பலகையைக் கீபோர்டுக்கு வலப்பக்கம் தள்ளி வைத்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். கீபோர்டை இடப்பக்கம் ஒதுக்கி, பலகையை மார்புக்கு நேராகக் கொண்டுவந்த பிறகு தேவலை. ஆனால் உங்களுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவதோ, ராத்திரியில் கை விறுவிறுத்து முழிப்புத் தட்டுவதோ இருந்தால் டேப்லெட்டை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு அழுந்துகிற தொந்தரவாக இருக்கலாம்.

விற்கலாமா என்றால், வேண்டாம். டச் அணைத்த டச் டேப்லெட்டும் டச் இல்லாத டேப்லெட்டும் பேனாவுக்கு ஒன்றுதான். அழுத்தப் படிகள் 1024 இருந்தால் என்ன, 8192 இருந்தால் என்ன, இரண்டு சதவீத ஃப்ளோவில் வேலை செய்கிற ஆல்பம்காரருக்கு நான் பார்த்தவரை வித்தியாசம் தெரிவதில்லை. ஓவியம் வரைகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அளவு மட்டும் கவனிக்க வேண்டியது. 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். 16 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்னப் பலகை என்றால், கையில் ஒரு சென்டிமீட்டர் திரையில் மூன்றுக்கு மேல். நுணுக்க வேலைக்குக் கொஞ்சம் துள்ளும், டச்சுக்கும் இடது விரல் வைக்க இடமிருக்காது. உங்களுடையது அந்தச் சின்ன அளவு என்றால் டச்சை மறந்துவிட்டுப் பேனாவை மட்டும் பயன்படுத்துங்கள். செகண்ட் ஹேண்ட் என்பதால் இரண்டு சோதனை பாக்கி. யுஎஸ்பி கேபிளைச் செருகிய இடத்தில் லேசாக ஆட்டிப் பாருங்கள், விளக்கு அணைந்து எரிந்தால் அந்த இணைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. பேனா முனை ஒரு பக்கம் உளி மாதிரி தேய்ந்திருந்தால் உடனே புது முனை போடுங்கள், தேய்ந்த முனை பலகையைக் கீறும். பாம்பூ காலத்து மாடலாக இருந்தால் புது டிரைவர், அதாவது டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மென்பொருள், அதை ஏற்காது, அந்த மாடலுக்குரிய பழைய டிரைவரைத் தேடிப் போட வேண்டும். பலகையின் பின்புறம் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதை இங்கே எழுதினால் எந்த டிரைவர் என்று பார்த்துச் சொல்கிறேன்.